லயத்து வாசலுக்கு லொக்கேஷன் அனுப்புவது எப்படி

ஒரு ரைஸ் குக்கரால் அரை நாள் போன கதையோடு தொடங்குகிறேன். பெட்டியில் ஒட்டியிருந்த விலாசம்: ஒரு அம்மாவின் பெயர், மேட்டு லயம், தோட்டத்தின் பெயர், டிக்கோயா. லயம் என்றால் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். கூடவே ஒரு லொக்கேஷனும் வந்திருந்தது. இன்றைக்கு வேலை சுலபம் என்று அதை அழுத்தினேன். நான்கரை மணித்தியாலப் பயணம் என்றது போன். நான் நின்றதே டிக்கோயாவில்! புள்ளி விழுந்திருந்த இடம் கொழும்பு, புறக்கோட்டை.

மகள் அங்கே கடையில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குக் குக்கர் ஓடர் பண்ணியிருக்கிறாள். லொக்கேஷன் கேட்டதும் தான் நின்ற இடத்தையே அனுப்பிவிட்டாள். சரி, அம்மாவுக்கே கோல் எடுத்தேன்.

"எங்க நிக்கிறீங்க தம்பி?"

"மடுவத்துக்கிட்ட நிக்கிறேம்மா."

"பழைய மடுவமா, புது மடுவமா?"

எனக்கு எப்படித் தெரியும்? கொழுந்து நிறுக்கிற மடுவம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோவிலடி, உடைந்த பாலம், பெரிய கல்லு என்று அரை மணி நேரம் போனிலேயே போயிற்று. கடைசியில் லொக்கேஷனைத் திருத்தி வாங்கினேன். அப்படியும் நான் போய் நின்றது கீழேயுள்ள பணிய லயத்தில். மேட்டு லயம் தலைக்கு மேலே தெரிகிறது. அம்மா அங்கிருந்து கை காட்டுகிறார். ஏறுகிற ரோடு மலையின் மற்றப் பக்கம்.

ஆறு வருடமாக இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறேன். தோட்டத்தில் பல வீடுகளுக்கு இன்றும் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது காம்பராவுக்கு, அதாவது லயத்து வீட்டுக்கு, வந்து சேரும். தோட்டத்துக்கு மெப்பில் ஒரு பெயர், ஆட்களின் வாயில் இன்னொரு பெயர். அதனால் லொக்கேஷன் என்பது டவுனில் இருப்பவர்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் வேண்டியது. அதைச் சரியாக எடுத்து அனுப்புவது எப்படி என்றுதான் இதில் எழுதுகிறேன்.

அந்த நீலப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் மற்றது எல்லாம் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று தோட்டத்து ஸ்டோர்களில் காலை சரியாக ஆறு மணிக்குச் சங்கு ஊதுகிறது என்று வையுங்கள். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலை ஃபெக்டரி. மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. எங்கோ ஒரு மலையில் கடிகாரத்தோடு நிற்கிறீர்கள். சத்தம் காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். முதல் சங்கு மூன்று விநாடி பிந்திக் கேட்டால் அந்த ஸ்டோர் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் ஸ்டோரை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால், அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ நிற்கிறீர்கள். இரண்டாவது சங்கு ஆறு விநாடி பிந்திக் கேட்கிறது, அப்படியானால் இரண்டு கிலோமீட்டர். இரண்டு வட்டமும் வெட்டுவது இரண்டே இடத்தில். அதில் எது என்று மூன்றாவது சங்கு சொல்லிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கடிகாரம் இரண்டு விநாடி பிழை என்றால் ஒவ்வொரு தூரமும் 680 மீட்டர் பிழைக்கும். மூன்று வட்டமும் ஒரு புள்ளியில் கூடாமல் ஏறுக்குமாறாக நிற்கும். அப்போது என்ன செய்யலாம்? கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தினால் மூன்றும் ஒன்றாகக் கூடும் என்று கணக்குப் பார்க்கலாம். கூடிய இடத்தில் உங்கள் இடமும் கிடைக்கும், சரியான மணியும் கிடைக்கும்.

செய்மதியில் நடப்பதும் இதே கணக்கு. சங்குக்குப் பதில் ரேடியோ அலை. ஸ்டோருக்குப் பதில் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவரும் செய்மதிகள். ஒவ்வொன்றும் "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வருவதால், நேர் மேலே இருக்கும் செய்மதியிலிருந்து போனுக்கு வர ஒரு விநாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு போதும். தரையில் மூன்று சங்கு போதும் என்றோமே, இங்கே உயரத்தையும் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செய்மதி வேண்டும்.

சத்தத்தில் இரண்டு விநாடி பிழைத்தால் 680 மீட்டர். ஒளியில் விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே 300 மீட்டர். அதனால்தான் செய்மதிக்குள் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அதுவும் போதவில்லை. அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு, செய்மதியின் வேகமோ அதிகம். ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்குப்படி அங்குள்ள கடிகாரம் தரையில் இருப்பதைவிட ஒரு நாளைக்கு விநாடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடும். அதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். ஓ.எல். விஞ்ஞானத்தில் சார்பியல் என்ற பெயரைக்கூட நான் கேட்டதில்லை. இப்போது குக்கர் கொண்டுபோவதற்கு அது வேண்டியிருக்கிறது.

இதில் ஜீ.பீ.எஸ். என்பது அமெரிக்காவின் ஏற்பாடு. முதல் செய்மதி 1978இல் போனது, முழு ஏற்பாடும் 1995இல் தயாரானது. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்த சிக்னல்தான் கொடுத்தார்கள், நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டூ என்று தனித்தனி ஏற்பாடு உண்டு. இன்றைய போன்கள் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகவே கேட்கும். இந்தியாவின் நாவிக் எங்கள் வானத்துக்கும் எட்டும், ஆனால் எல்லாப் போனும் அதைக் கேட்காது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். உங்கள் போன் செய்மதிக்கு எதையும் அனுப்புவதில்லை. ரேடியோப் பெட்டி மாதிரி அது கேட்கிறது, அவ்வளவுதான். இதற்கு டேட்டா தேவையில்லை, ரீலோட் தேவையில்லை, சிம்கூடத் தேவையில்லை. நம்பாவிட்டால் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்து பாருங்கள், பெரும்பாலான போன்களில் புள்ளி கூடவே நகரும். டேட்டா வேண்டியது பின்னால் தெரிகிற மெப் படத்துக்கும், அந்த லொக்கேஷனை இன்னொருவருக்கு அனுப்பவும்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

தகரத்துக்கு வெளியே வாருங்கள்

செய்மதி அனுப்பும் சக்தி சில பத்து வாட்தான். ஒரு பழைய குண்டு பல்பின் கணக்கு. அது 20,000 கிலோமீட்டர் வந்து சேரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுக் கூரைக்குள் ஓரளவு நுழையும். தகரத்துக்குள் நுழையாது. எங்கள் லயங்களில் பெரும்பாலும் தகரம்தான். காம்பராவுக்குள் கட்டிலில் இருந்தபடி லொக்கேஷன் எடுத்தால், போன் செய்மதியை விட்டுவிட்டுப் பக்கத்து டவரைப் பார்த்து ஊகிக்கும். நீலப் புள்ளியைச் சுற்றிப் பெரிய வெளிர்நீல வட்டம் தெரிந்தால் அதுதான் அடையாளம்: "இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள்" என்று போன் ஒப்புக்கொள்கிறது. அந்த வட்டத்துக்குள் சில நேரம் தோட்டத்தின் மூன்று டிவிஷன் (பிரிவு) அடங்கும்.

இஸ்தோப்பும் (முன் விறாந்தை) போதாது, அதற்கு மேலும் தகரம்தான். வாசலுக்கு இறங்கி, தண்ணீர்ப் பீலியடிக்கோ கோவில் முற்றத்துக்கோ வாருங்கள். லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண் திட்டு இருந்தால் அதை விட்டுச் சற்று விலகி நில்லுங்கள். போனில் லொக்கேஷன் ஓன் ஆகி இருக்கட்டும், "துல்லியமான இடம்" என்று கேட்டால் அனுமதி கொடுங்கள், பட்டரி சேவரை நிறுத்துங்கள். பிறகு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். இந்த ஒரு நிமிடம்தான் யாருக்கும் பொறுக்காது. ஒவ்வொரு செய்மதியும் தான் போகும் பாதையின் விபரத்தை அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லும். டேட்டா இருந்தால் போன் அதை இன்டர்நெட்டில் எடுத்து உடனே வேலையை முடிக்கும். டேட்டா இல்லாவிட்டால் வானத்திலிருந்து முழுவதும் கேட்டு முடிக்க வேண்டும். கன நாள் அணைத்து வைத்த போன் என்றால் இன்னும் இழுக்கும்.

மூடுபனியால் சிக்னல் வரவில்லை என்று என்னிடம் சொல்லாத ஆளில்லை. பனியோ மழை மேகமோ இந்த அலையை ஒன்றும் செய்யாது. தடுப்பது மலை, மண் திட்டு, தகரம், மழையில் நனைந்த அடர்ந்த மரம். அதோடு ஒரு சங்கதி: பள்ளத்தாக்கில் வானம் ஒரு பட்டை மாதிரிதான் தெரியும். செய்மதிகளும் அந்தப் பட்டைக்குள் வரிசையாக மாட்டும். பள்ளத்தாக்கின் நீளப்பாட்டில் இடம் சரியாக வரும், குறுக்குப்பாட்டில் பிழைக்கும். எங்கள் பக்கம் குறுக்குப்பாட்டில் பிழைத்தால் அடுத்த வீடு வராது, அடுத்த மலைச் சரிவு வரும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பிவரும் சிக்னலும் அதே வேலையைச் செய்யும், சங்கின் எதிரொலியைக் கேட்டுத் தூரம் கணிப்பது போல. பொழுது சாய்ந்த பிறகு சில நாட்களில் புள்ளி கொஞ்சம் ஆடும். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால், சிக்னல் கடந்துவரும் அயனமண்டலம் என்ற மின்னேறிய மேல்வானத்து அடுக்கு அந்த நேரத்தில் குழம்பும். பகலில் எடுத்து வைப்பது நல்லது.

அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் கிளிப் அடையாளத்தை அழுத்தி லொக்கேஷனுக்குப் போனால் "தற்போதைய இடத்தை அனுப்பு" என்று வரும். அதற்கு அடியில் இத்தனை மீட்டர் துல்லியம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் அதை வாசிப்பதில்லை. அது 10க்குக் கீழே வரும் வரை பொறுங்கள். நல்ல திறந்த வெளியில் போனின் பிழை ஐந்து மீட்டர் அளவுக்கு இறங்கும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அதன் கீழே பக்கத்து இடங்களின் பட்டியல் வரும்: ஸ்கூல், கோவில், ஸ்டோர். அவசரத்தில் அதில் ஒன்றை அழுத்திவிடுகிறார்கள். அப்புறம் நான் பார்சலோடு ஸ்கூல் கேட்டில் நிற்பேன்.

லைவ் லொக்கேஷன் வேறு சாமான். அது 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று நீங்கள் போகிற இடமெல்லாம் காட்டிக்கொண்டே வரும். பஸ்ஸில் வருகிற தங்கச்சியைச் சந்தியில் கூட்டிவரப் போகிறீர்களா, அதற்கு நல்லது. வீட்டைக் காட்ட அது வேண்டாம். ஒருவர் எனக்கு அதை அனுப்பிவிட்டு மரக்கறி வாங்க டவுனுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

கொழும்பிலிருந்து ஓடர் பண்ணுகிறவர்களுக்கு: உங்கள் இடத்தை அனுப்பாதீர்கள். அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் மெப்பைச் செய்மதிப் படத்துக்கு மாற்றுங்கள். லயங்கள் நீளநீளமான தகரக் கோடுகளாகத் தெரியும். முதலில் கோவிலையோ ஸ்டோரையோ கண்டுபிடியுங்கள், அங்கிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள்: மூன்றாவது லயம், ரோட்டுப் பக்கமிருந்து ஐந்தாவது காம்பரா. அந்தக் கூரையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். அதைப் பெயர் போட்டுச் சேமித்து வைத்தால் அடுத்த முறையும் உதவும்.

குறி வைத்ததும் வேலை முடியவில்லை. பெரும்பாலான மெப்புகள் குறிக்கு மிகக் கிட்டவுள்ள ரோட்டைத்தான் தேடும். கிட்ட என்றால் நேர்கோட்டில் கிட்ட. மேட்டு லயத்துக்கு அறுபது மீட்டரில் கீழே ஒரு ரோடு போகும், நடுவில் செங்குத்துத் திட்டு. லயத்துக்கு வருகிற உண்மையான ரோடு நூற்றைம்பது மீட்டர் தள்ளி. மெப் கீழ் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். ரைஸ் குக்கர் நாளில், லொக்கேஷனைத் திருத்தி வாங்கிய பிறகும் நான் பணிய லயத்தில் நின்றது இப்படித்தான். காசல்ரீ தண்ணீர்க் கரையில் இன்னும் மோசம். அக்கரையில் வீடு கண்ணுக்குத் தெரியும், மெப்பில் சின்ன இடைவெளிதான், ரோட்டில் போனால் கரையைச் சுற்றிச் சுற்றி நாள் போய்விடும்.

ஆகவே இரண்டு புள்ளி எடுத்து வையுங்கள். ஒன்று வீட்டு வாசல். மற்றது வண்டி வரக்கூடிய கடைசி இடம். ஆட்டோ எதுவரை வரும், வேன் எதுவரை வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். மெப்புக்குத் தெரியாது. அதற்குக் கொழுந்து லொறி போகும் ரோடும் ஒன்று, கான் ஓரமாக ஆள் நடக்கும் பாதையும் ஒன்று. மழைக்காலத்தில் மண் சரிந்து போன ரோட்டையும் அது கன நாள் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து வருவது நீங்கள் நிற்கும் இடம் மட்டும். ரோடு என்பது யாரோ ஒருவர் வரைந்தது. இந்த வேறுபாட்டை மறந்து மோட்டார் சைக்கிளைத் தேயிலைக்குள் விட்டு, அட்டைக் கடியோடு தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். ஓபன்ஸ்ட்ரீட்மெப் என்று பொதுமக்களே வரைகிற மெப் ஒன்று உண்டு. நேரம் கிடைக்கும்போது எங்கள் பக்கத்துத் தோட்ட ரோடுகள் சிலவற்றை அதில் நானே போட்டிருக்கிறேன். உங்கள் லயத்துக்கு வரும் ரோட்டை நீங்கள் போடலாம், பெரிய படிப்பு தேவையில்லை.

இலக்கமாக வைத்திருங்கள்

டேட்டா இல்லாத நேரத்தில் லொக்கேஷனை எப்படிச் சொல்வது? வாயால் சொல்லலாம். சிவப்புக் குறியோடு இரண்டு இலக்கம் தெரியும். முதலாவது அகலக்கோடு, பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே என்பது. இரண்டாவது நெடுங்கோடு, எவ்வளவு கிழக்கே என்பது. 6.89, 80.59 என்று தொடங்கினால் ஹட்டன் பக்கம். தலவாக்கலை 6.93, 80.65. கண்டி 7.29, 80.63. பதுளைக்குப் போனால் இரண்டாவது இலக்கம் 81 ஆகிவிடும்.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் சொல்ல வேண்டும்? இரண்டு சொன்னால் ஒரு கிலோமீட்டர் அளவில் பிடிபடும். மூன்று என்றால் நூறு மீட்டர். நான்கு சொன்னால் 11 மீட்டர், கிட்டத்தட்ட உங்கள் வாசல். ஐந்தாவது சொன்னால் ஒரு மீட்டர், ஆனால் போனே ஐந்து மீட்டர் பிழைக்கும்போது அது வீண். நான்கோடு நிறுத்துங்கள்.

இலங்கையில் எங்கிருந்தாலும் முதல் இலக்கம் 5.9க்கும் 9.9க்கும் நடுவில்தான், இரண்டாவது 79.5க்கும் 81.9க்கும் நடுவில்தான். வேறு என்ன வந்தாலும் பிழை. மாற்றிச் சொல்வதுதான் அடிக்கடி நடக்கிறது. 80.59 முதலில், 6.89 பிறகு என்று போட்டால் வட துருவத்துக்குக் கிட்டப் பனிக்கடலில் விழும்.

இலக்கம் நீளம் என்று நினைப்பவர்களுக்குப் பிளஸ் கோட் உண்டு. கூகுள் மெப்ஸில் குறி வைத்தால், சில எழுத்தும் இலக்கமும் நடுவில் ஒரு கூட்டல் குறியுமாகத் தெரியும். ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னால் ஏறத்தாழ 14 மீட்டர் சதுரத்துக்குள் இடம் வந்துவிடும். எழுதிக் கொடுக்க நல்லது. போனில் வாயால் சொல்ல எனக்கு இலக்கம்தான் வசதி, ஆங்கில எழுத்துகள் காதில் மாறிவிடும்.

இது பார்சலுக்கு மட்டுமில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்குக் கோல் எடுக்கும்போது பதற்றத்தில் யாருக்கும் ஒன்றும் வாயில் வராது. மாவட்டம், கிட்டவுள்ள டவுன், தோட்டம், டிவிஷன், அப்புறம் வண்டி வரக்கூடிய இடத்தின் இரண்டு இலக்கம். இவ்வளவையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அங்கே வீட்டுப் புள்ளியைவிட வண்டிப் புள்ளிதான் முக்கியம். கோல் முடிந்த கையோடு ஒருவரை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். எந்தச் செய்மதியும் இருட்டில் அந்தக் கடைசி வளைவைக் காட்டாது.

நான் போகிற பாதி இடத்தில் டேட்டா கிடையாது. அதனால் கிழமைக்கு ஒரு தடவை வீட்டு வைஃபையில் கூகுள் மெப்ஸைத் திறந்து, எனது படத்தை அழுத்தி, ஓஃப்லைன் மெப்ஸில் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை இறக்கி வைத்துக்கொள்வேன். ஒரு தடவை இறக்கினால் கன நாளைக்குப் போதும், நான்தான் கொஞ்சம் கூடுதல் கவனம். காலையில் டவுனை விட்டுக் கிளம்பும் முன் மெப்பை ஒரு தடவை திறந்து புள்ளி சரியாக நிற்கும் வரை பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு எந்தச் செய்மதி எங்கே என்று போனுக்குத் தெரிந்துவிடும், பிறகு டேட்டா இல்லாத தோட்டத்திலும் சட்டென்று பிடிக்கும்.

இதை வைத்துச் செய்யக் கூடாதவை

வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்த ஒருவர், போனைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்து அளந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மீட்டர் உள்ளே வந்துவிட்டார் என்று சண்டை. நான் பார்சலைக் கொடுக்க முடியாமல் நடுவில் நின்றேன். கணக்கைப் பாருங்கள். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25.3 சதுர மீட்டர். 7 பேர்ச் என்றால் 177 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்குப் பதின்மூன்று மீட்டர் உள்ள ஒரு சதுரம். ஐந்து மீட்டர் பிழைக்கிற கருவியால் பதின்மூன்று மீட்டர் காணியை எப்படி அளப்பது? இதையே அவரிடம் சொன்னேன். "தம்பி, உங்களுக்கு இது விளங்காது" என்றார். நில அளவையாளரும் செய்மதியைத்தான் பயன்படுத்துகிறார், ஆனால் அவர் கருவி வேறு. இடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் இன்னொரு கருவி இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே செய்மதிகளைக் கேட்டுப் பொதுவான பிழையைக் கழித்துவிடும், சென்டிமீட்டர் கணக்கில் வரும். எல்லைக்கு அவரைக் கூப்பிடுங்கள்.

உயரத்தையும் நம்ப வேண்டாம். பட்டிப்பொல ஸ்டேஷன் கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி, ஏறத்தாழ 1,898 மீட்டர். சில செயலிகளை அங்கே திறந்தால் 1,800க்குக் கிட்டக் காட்டும். போன் பழுது என்று நினைக்காதீர்கள். செய்மதிக் கணக்கு உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான ஒழுங்கான உருண்டையாக எண்ணிப் போட்ட ஒரு கற்பனைப் பரப்பிலிருந்து. இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் ஈர்ப்பு குறைவு, அதனால் இங்கே கடல் மட்டம் அந்தப் பரப்பிலிருந்து நூறு மீட்டருக்குக் கிட்டக் கீழே கிடக்கிறது. உலகத்திலேயே ஆகக் கூடிய பள்ளம் எங்களுக்குத் தெற்கே உள்ள கடலில்தான், ஏறத்தாழ 106 மீட்டர். நல்ல செயலி இதைத் தானே திருத்திக் காட்டும். திருத்தாத செயலியோடு காலிமுகத்திடலில் நின்றால் நீங்கள் கடலுக்குள் நூறு மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும்.

போன் என்னைச் செய்மதியிலிருந்து பார்க்கிறதா என்று கேட்கிறவர்களும் உண்டு. செய்மதி யாரையும் பார்ப்பதில்லை. இடம் தெரிவது நீங்கள் அனுமதி கொடுத்த செயலிகளுக்கு. லொக்கேஷன் அமைப்பில் எந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று பட்டியல் வரும். டோர்ச் செயலிக்கு உங்கள் வீடு தெரிய வேண்டியதில்லை.

ரைஸ் குக்கர் அம்மாவுக்கு அன்றைக்கே வாசலில் நின்று இலக்கம் எடுத்துக் கொடுத்தேன். "இந்த நம்பர யாரு குடுத்தது, ஒபிஸா?" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, நீங்கள் நிற்கும் இடம்தான் அது என்றேன். அவ்வளவாக நம்பவில்லை. இரண்டு மாதம் கழித்து மகள் ஒரு போர்வை அனுப்பினாள், அதைக் கொண்டுபோனேன். இந்த முறை லொக்கேஷன் சரியாக மேல் ரோட்டு வளைவில் விழுந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் சோக்கால் இலக்கத்தைப் பெரிதாக எழுதியிருந்தார்கள், 80 முதலில், 6 பிறகு. பேரனிடம் சோக்கை வாங்கி அழித்து, மாற்றி எழுதினேன். அதற்குள் பிளேன்டீ வந்துவிட்டது.